உடம்பெல்லாம் உளைச்சல், மாசக்கணக்கா: பாசி எடுக்கிற பெண்களுக்கு யோகாவை எந்த அளவுல ஆரம்பிக்கலாம்?

உப்புக்காற்று (கேள்வி)

பாம்பன் பக்கம் ஊர்க் கூடத்துல வாரம் ரெண்டு நாள், ஒரு மணி நேர வகுப்பு. வர்றவங்க பத்துப் பதினொரு பேர், 35 வயசுல இருந்து 58 வரை. பாதிப் பேர் பாசி எடுக்கக் கடலுக்குப் போறவங்க. மத்தவங்க கருவாடு காயப்போடுறது, வலை வேலை, ஓலைப்பெட்டி முடையுறதுன்னு இருக்காங்க. ஆறு பேருக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு (உடம்பெல்லாம் பரவி மாசக்கணக்கா நிக்கிற வலி நோய்) டாக்டர் சீட்டு இருக்கு. மத்தவங்களுக்குப் பேர் எதுவும் வைக்கலை. கழுத்து, தோள், இடுப்பு, தொடைன்னு மூணு மாசத்துக்கு மேல இடம் மாறி மாறி உளைச்சல், தூங்கி எழுந்தாலும் அசதி.

இப்போ உள்ள வரிசை: மூட்டுத் தளர்வு 10 நிமிஷம், சூரிய நமஸ்காரம் 6 சுற்று, திரிகோணாசனம், வீரபத்ராசனம், பஸ்சிமோத்தானாசனம் ஒவ்வொண்ணும் 30 நொடி நிறுத்தி, கபாலபாதி 3 சுற்று, கடைசியில 10 நிமிஷம் சவாசனம். வகுப்பு முடியும்போது நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அடுத்த நாளும் அதுக்கு மறுநாளும் முறிச்சுப் போட்ட மாதிரி கிடக்குறாங்க. சவாசனத்துலயே சிலருக்கு முதுகு குத்துது. எதை எடுக்கணும், எந்த அளவுல வைக்கணும், கடலுக்குப் போற நாள்ல என்ன செய்யணும்? தெரிஞ்சவங்க விவரமாச் சொல்லுங்க.

நாழிகை

ஆசனத்தில் தப்பில்லைங்க, அளவில்தான் தப்பு. ஆறு சுற்று என்றால், ஒரு பக்கக் கணக்கில் பார்த்தாலே பன்னிரண்டு தடவை குனிந்து நிமிர்கிறார்கள். ஆறு தடவை உடம்பு எடை மணிக்கட்டிலும் தோளிலும் இறங்குகிறது. காலையில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து பாறையிலிருந்து பாசி பிய்த்தவருக்கு, சாயங்காலமும் அதே வேலையைப் பாய் மேல் கொடுத்த கணக்கு.

இந்த வலியில் முக்கியமாக மாறியிருப்பது தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியைக் கையாளும் விதம். ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், முதல் தடவை இரண்டு மதிப்பெண் வலி என்றது பத்தாவது தடவையில் ஐந்து ஆகிவிடும். மற்றவர்களுக்கு உடற்பயிற்சி செய்த கொஞ்ச நேரத்துக்கு வலி மட்டுப்படும். இவர்களில் பலருக்கு அந்தத் தணிவு வருவதில்லை, சிலருக்கு வலி கூடவும் செய்யும். அதனால் மூன்று விஷயம்: தடவைகள் குறைவு, ஒரே பகுதியை அடுத்தடுத்து வேலை வாங்காமல் இடம் மாற்றுவது, அன்றைக்கு எங்கே வலி குறைவோ அங்கிருந்து ஆரம்பிப்பது.

30 நொடி நிறுத்துவதை முதல் ஆறு வாரத்துக்கு விட்டுவிடுங்கள். ஆசனத்துக்குள் போவது, வெளியே வருவது, மூச்சோடு சேர்ந்த அந்த அசைவு மட்டும் போதும். யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் வழியில் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய ‘கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம்’ என்ற நிலையத்தின் சிகிச்சை முறையிலும் ஆளுக்குத் தக்க அசைவுதான் அடிப்படை.

முதல் இரண்டு வாரம் மொத்தமே 15 நிமிடம். வீட்டிலும் அதையேதான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் செய்வதைவிடத் தினம் 15 நிமிடம் இந்த உடம்புக்கு ஒத்துப்போகும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதம் தரையில். ஒரு கை அடிவயிற்றில். இரண்டு நிமிடம் மூச்சு மட்டும்: உள்ளே நாலு எண்ணிக்கை, வெளியே ஆறு. ஆறு வராதவருக்கு மூன்றும் நாலும் போதும், வெளிமூச்சு நீளமாக இருந்தால் சரி. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், விட்டுக்கொண்டே இறக்குவது, 4 தடவை. தோளில் இழுக்கும் இடத்துக்கு ஒரு சாண் முன்னாடியே நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களில் தோள் இறுகிப்போனவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு நேர் மேலே தூக்கினாலே போதும்.

அடுத்து அபானாசனம். முழங்கால் மேல் கையை வைத்து, மூச்சு விடும்போது வயிற்றுப் பக்கம் கொண்டுவருவது, இழுக்கும்போது கை நீளத்துக்குத் தள்ளிப் போகவிடுவது, 6 தடவை. பலர் தலையைத் தூக்கிக் கழுத்தை விறைத்துக்கொள்வார்கள். தலைக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தால் அது நிற்கும்.

பிறகு சேது பந்தாசனம், 4 தடவை. சேதுக் கரைக்காரர்களுக்குப் பேரை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாலத்தை உயர்த்திக் கட்ட வேண்டாம். முதலில் இடுப்பு, பிறகு கீழ்முதுகு என்று ஒவ்வொரு எலும்பாகப் பாயிலிருந்து உரிந்து வர வேண்டும், தோள்பட்டைக்குக் கீழே வந்ததும் திரும்பிவிடலாம். பின்தொடை பிடித்துக்கொண்டால் குதிகால் ரொம்பத் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். நாலு விரல்கடை பக்கத்தில் கொண்டுவந்தால் பாரம் பிட்டத்துக்கு மாறும், பிடிப்பு வராது.

முழங்காலைச் சேர்த்து வலமும் இடமும் சாய்ப்பது பக்கத்துக்கு 3. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தொடையிலிருந்து முழங்கால் வரை வழுக்கவிட்டுக் குனிந்து நிமிர்வது, 4 தடவை. கடைசியில் ஓய்வு.

இனி மூச்சு. பாசிக்கு முங்குகிறவர்கள் மூச்சை அடக்கிப் பழகியவர்கள். முயற்சி வந்ததும் தன்னையறியாமல் அடக்குவார்கள், அப்போது கழுத்தும் தாடையும் இறுகும். ‘மூச்சு விடுங்க’ என்று நூறு தடவை சொல்வதைவிட, வெளிமூச்சில் ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். சத்தம் நின்றால் மூச்சு நின்றது உங்களுக்கே கேட்கும். கும்பகம், அதாவது மூச்சை அடக்கி நிறுத்துவது, வேண்டாம். கபாலபாதி, பஸ்திரிகா என்ற வேக மூச்சுப் பயிற்சிகள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே படபடப்பும் தூக்கக் குறைவும் உள்ளவர்களை அது இன்னும் உசுப்பிவிடும்.

சவாசனத்தில் குத்துவது காலை நீட்டிப் படுப்பதால். இடுப்பு வளைவு தூக்கிக்கொள்ளும், பின்தலையும் பிட்டமும் குதிகாலும் வெறும் சிமெண்டுத் தரையில் அழுந்தும். கோரைப்பாய் ஒன்று அதற்குப் போதாது. கெண்டைக்காலை நாற்காலி இருக்கை மேல் தூக்கி வையுங்கள், கீழே பழைய சேலை நாலு மடிப்பு. ஐந்து நிமிடம்தான். அதற்கு மேல் அசையாமல் கிடந்தால் இவர்களுக்கு விறைத்துக்கொள்ளும். குளிர் காற்று படுகிறது என்றால் மேலே ஒரு போர்வை.

பதிவு எண் ஏழு

மூட்டுவாத மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் சில குறிப்புகள்.

சீட்டு இல்லாத அந்த நாலைந்து பேரை முதலில் அனுப்பிப் பரிசோதித்துவிடுங்கள். முன்பு 1990-ல் வந்த அளவுகோல்படி 18 புள்ளிகளை அழுத்தி 11-ல் வலி இருக்கிறதா என்று பார்த்தோம். இப்போது 2016-ல் திருத்திய அளவுகோல். உடம்பை 19 பகுதியாகப் பிரித்து, கடந்த ஒரு வாரத்தில் எத்தனை இடத்தில் வலி என்று எண்ணுகிறோம். அசதி, தெளியாத தூக்கம், மறதி முதலானவற்றுக்கு 12 மதிப்பெண். ஏழு இடமும் ஐந்து மதிப்பெண்ணும், அல்லது 4 முதல் 6 இடமும் ஒன்பது மதிப்பெண்ணும் இருந்து, ஐந்து மண்டலத்தில் நாலில் வலி பரவி, மூன்று மாதம் நீடித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. வேறு நோய் கூடவே இருந்தாலும் இது இருக்கலாம்.

இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. பரிசோதிப்பது மற்றதை ஒதுக்க: ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், வைட்டமின் டி, தேவைப்பட்டால் தசைப் பாதிப்பைக் காட்டும் சிபிகே. வேறு நோய் இல்லாமல் ஃபைப்ரோமயால்ஜியா மட்டும் இருந்தால் இவை இயல்பாக இருக்கும். வெயிலிலேயே நிற்கிறவர்களுக்கு டி குறையாது என்று நினைக்காதீர்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துணி என்று மூடித்தான் கடலுக்குப் போகிறார்கள். டி மிகக் குறைந்து எலும்பு மென்மையானாலும் இதே மாதிரி உடம்பெல்லாம் வலிக்கும், உட்கார்ந்து எழும்போது தொடை தள்ளாடும். அதற்கு யோகா மருந்தாகாது.

விரல் மூட்டு வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நின்றால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் இழுக்கும் மூட்டுவலியும் உண்டு. 50 வயதுக்கு மேல் திடீரென்று இரண்டு தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்டு ஈஎஸ்ஆர் ஏறியிருந்தால் அது வேறு நோய், மருந்தும் வேறு. காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு போவது, இவற்றில் எது இருந்தாலும் பாயை விரிக்காமல் அன்றே மருத்துவமனைக்கு.

மாத்திரை பற்றி ஒன்று. இந்த வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், ப்ரீகாபலின் சாப்பிடுகிறவர்கள் படுத்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். பக்கவாட்டில் திரும்பி அரை நிமிடம், உட்கார்ந்து அரை நிமிடம், பிறகு சுவரைப் பிடித்து எழுவது. யோகா நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

ஆய்வு என்று கேட்பவர்களுக்கு: ஓரிகனில் நடந்து 2010-ல் வெளிவந்த ஒன்று, 53 பெண்கள், எட்டு வாரம், வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம். அந்த 120 நிமிடத்தில் ஆசனம் 40 நிமிடம்தான். மற்றது தியானம், மூச்சு, பாடம், கூடிப் பேசுவது. வலியும் அசதியும் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டது காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு, வேறு சிகிச்சையோடு அல்ல. அதை மறைக்கக் கூடாது.

தோள்பட்டை

பிசியோ பக்கத்துல இருந்து ஒரு ஆட்சேபம். நாழிகை சொன்ன வரிசை அருமை, ஆனா அதுலேயே எட்டு வாரம் படுத்துக் கிடக்கக் கூடாதுங்க. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2016-ல திருத்தின பரிந்துரையில ‘உறுதியா’ன்னு ஒரே ஒண்ணைத்தான் போட்டிருக்காங்க, அது நடை மாதிரியான பயிற்சியும் தசை வலுப்படுத்துறதும். யோகா, தைச்சி எல்லாம் ‘பலவீனமான ஆதரவு’ன்னு அடுத்த வரிசையில. அதனால மூணாவது வாரத்துல இருந்து நடையைச் சேருங்க.

போக 5 நிமிஷம், வர 5 நிமிஷம். காஞ்ச மணல்ல வேணாம், கெண்டைக்கால் அன்னைக்கே கெட்டியாயிடும். ஈர மணல் கெட்டியா இருக்கும், ஆனா கடலைப் பார்த்துச் சரிவு. ஒரு கால் எப்பவும் பள்ளத்துல, இடுப்பு ஒரு பக்கமா இழுக்கும். தார் ரோட்டு ஓரம்தான் நல்லது. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல கிளம்பும்போது எதிர்காத்துல போங்க, திரும்பும்போது காத்து முதுகுல தள்ளும். மாத்திப் போனா வர வழியில மூச்சு வாங்கும்.

வலுவுக்கு நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்து உட்கார்றது, 5 தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கையால சுவரைத் தள்ளுறது 5. ரெண்டு வாரம் கழிச்சு அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சு முழங்கையை மடக்கி நீட்டலாம்.

ஏத்துற கணக்கு இப்படி வைக்கிறது வழக்கம்: செய்றதுக்கு முன்னாடி வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டு எழுதிக்கங்க. செஞ்ச பிறகு ரெண்டு மதிப்பெண் வரை ஏறி, 24 மணி நேரத்துல பழைய இடத்துக்கு வந்துட்டா அளவு சரி. வரலைன்னா மூணுல ஒரு பங்கைக் குறைங்க, நிறுத்தாதீங்க. ஏழு நாள் சிக்கலில்லாம ஓடினா அசைவுக்கு ஒரு தடவை கூட்டலாம், எல்லா அசைவுலயும் ஒரே வாரத்துல கூட்ட வேணாம். நல்லா இருக்கிற நாள்ல ‘இன்னைக்கு இன்னும் பத்து’ன்னு செய்றாங்க பாருங்க, அதுதான் அடுத்த ரெண்டு நாள் படுக்கைக்கு முன்பணம். நல்ல நாள்லயும் அதே அளவு, மோசமான நாள்ல பாதி அளவு.

இன்னொண்ணு, கட்டை விரலை மடக்கினா முன்கையைத் தொடுறவங்க, முழங்கை பின்பக்கம் வளையுறவங்க வகுப்புல இருந்தாங்கன்னா அவங்களைக் கடைசி வரை நீட்ட விடாதீங்க. பார்க்க அழகா வளைவாங்க, ராத்திரி மூட்டு பூரா நோகும்.

உப்புக்காற்று

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு மூணு சந்தேகம். பாசிக்காரங்க அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்கள்ல வரிசையாக் கடலுக்குப் போயிட்டு, மத்த நாள் கரையில இருக்காங்க. அந்த நாள்ல வகுப்பே வேணாமா? தவழும் நிலையில மார்ஜாரி ஆசனம் செஞ்சா மணிக்கட்டு வலிக்குதுங்கிறாங்க, விரல் நுனி வேற கீறிப் போயிருக்கு. கீழக்கரை பக்கமிருந்து வர்ற ரெண்டு பேர், மந்திரம் சொல்லாம செய்யலாமான்னு கேட்கிறாங்க.

நாழிகை

மந்திரம் தேவையில்லை. ‘ம்ம்ம்’ போதும். வேலை செய்வது நீளமான வெளிமூச்சும் அதிர்வும்தான். தொழுகையில் தரையில் உட்காரும்போது முழங்காலும் கணுக்காலும் வலிக்கிறது என்றால், குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் நடுவே சுருட்டிய துண்டு வைத்துப் பழகச் சொல்லுங்கள். வகுப்பில் பாலாசனத்துக்கும் அதே துண்டுதான்.

கடல் நாள்: விடவே வேண்டாம், சுருக்குங்கள். கரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, நாற்காலி மேல் கால் வைத்த ஓய்வும் மூச்சும் அபானாசனம் நாலு தடவையும், மொத்தம் 8 நிமிடம். குனியும் ஆசனம் அன்றைக்கு ஒன்றும் வேண்டாம், நாளெல்லாம் குனிந்தாயிற்று. கரையில் இருக்கும் நாட்களில் 15 நிமிடம். வரிசையாகக் கடலுக்குப் போய்விட்டு, முதல் ஓய்வு நாளில் வீட்டு வேலை முழுவதையும் முடிக்கப் பார்ப்பார்கள். வலி ஏறுவது அங்கேதான், யோகா பாய் மேல் பழி விழும். எழுதி வைத்திருந்தால் எது எதனால் என்று பிரிக்கலாம்.

அளவு கண்டுபிடிப்பதும் கடல் நாட்கள் உள்ள வாரத்தில் செய்ய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் கருவாட்டு வேலையும் வலை வேலையும் மாறும், ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள், வகுப்பு தொடங்க ஆசையாக இருக்கும். தொடங்குங்கள். ஆனால் அப்போது தாங்கிய அளவை ஜூன் மூன்றாம் வாரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், பாதியாக்குங்கள். கத்திரி வெயில் நேரத்தில் காலை ஏழுக்குள் முடித்துவிட வேண்டும்.

மார்ஜாரி: உள்ளங்கையை ஊன்ற வேண்டாம். நாற்காலிக்கு முன் மண்டியிட்டு முன்கை இரண்டையும் இருக்கையில் வைத்து முதுகை மட்டும் குழித்துக் குவிக்கலாம். முழங்காலுக்குக் கீழே பாயை இரண்டாக மடியுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுவழுத் தரையில் வழுக்கும், பின்கால் சுவரில் முட்டியிருக்க வேண்டும். விரல் கீறல் ஆறாதவர்கள் நின்றபடி தொடையில் கை ஊன்றிச் செய்யட்டும்.

கேட்காத ஒன்று: தொட்டுத் திருத்தாதீர்கள். முதுகில் லேசாகக் கை வைத்து அழுத்துவதே இவர்களுக்கு வலியாக இருக்கும். பக்கத்தில் பாய் போட்டு நீங்களே செய்துகாட்டுங்கள்.

தோள்பட்டை

தண்ணிக் குடத்தை மறந்துட்டோமே. 15 லிட்டர் குடம்னா 15 கிலோவுக்கு மேல, அதை எப்பவும் ஒரே இடுப்புல. வகுப்புல நீங்க இடுப்பைத் தளர்த்தி விடுறதை அது ஒரே நடையில இறுக்கிடும். முக்கால் குடம், இடுப்பை மாத்தி மாத்தி. தள்ளுவண்டி இருந்தா கைப்பிடி தொப்புள் உயரத்துல இருக்கா பாருங்க. தாழ்வா இருந்தா குனிஞ்சே தள்ளுவாங்க, ஒரு குச்சியைக் கட்டி உயர்த்திடலாம். நடக்க முடியாத அளவுக்கு வலி உள்ளவங்க இருந்தா ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கிட்ட சொல்லுங்க, அதுல வீட்டுக்கு வந்து பிசியோ செய்ற வசதி இருக்கு.

பதிவு எண் ஏழு

பலனை எதில் அளப்பது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் வகுப்பு நீடிப்பதும் நிற்பதும் அதில்தான். ‘வலி போயிடுச்சா’ என்று கேட்டால் எட்டு வாரம் கழித்தும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். மருத்துவ ஆய்வுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தாலே குறிப்பிடத்தக்க பலன் என்று கொள்கிறோம், அதாவது பத்தில் ஏழு என்றவர் ஐந்துக்கு வந்தால். இதற்கென உள்ள கேள்விப் பட்டியலில் தலை வாருவது, 20 நிமிடம் நிற்காமல் நடப்பது, தரை பெருக்குவது, ஒரு மாடி ஏறுவது, நாற்காலியில் 45 நிமிடம் உட்கார்வது என்று வேலையைத்தான் கேட்பார்கள். அந்த ஐந்தோடு முக்கால் குடம் தூக்குவதையும் இரவில் எத்தனை தடவை விழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து, முதல் நாளும் நாலாவது வாரமும் எட்டாவது வாரமும் ஒவ்வொருவருக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தூக்கம் முதலில் நகரும், வலி பிறகு.

உப்புக்காற்று

சரிங்க. வர்ற திங்கள்ல இருந்து 15 நிமிஷ வரிசை, மீதி நேரம் மூச்சும் பேச்சும். நோட்டும் போட்டாச்சு. கூடத்துல நாற்காலி ஆறுதான் இருக்கு, படுத்துக் கால் தூக்கி வைக்க மத்தவங்களுக்கு மீன் கிரேட்டைக் கவிழ்த்துப் போடலாமா?

நாழிகை

தாராளமாக. படுத்தபின் தொடை செங்குத்தாக நிற்கிற உயரம் வேண்டும். குள்ளமானவர்களுக்கு ஒன்றே போதும், மற்றவர்களுக்கு ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஆடினால் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மேலே சேலையை மடித்துப் போட மறக்க வேண்டாம், கிரேட் விளிம்பு கெண்டைக்காலில் அழுந்தினால் ஐந்து நிமிடத்தில் கால் மரத்துவிடும்.